வரைபடத்தில் இல்லாத வேலை

2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வகை பிரிக்கிறது. ஆனால் குடியிருப்பு என்று குறித்த வீட்டில்தான் இன்னொரு பெண் பாத்திரம் துலக்குகிறாள். நமக்கு வீடு, அவளுக்குப் பணியிடம். வரைபடத்துக்கு இது தெரியாது.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் இத்தகைய பெண்கள் பலர். முன்பு நடந்தே வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிவிட்டு வருமுன் திரும்பியவளுக்கு, இன்று போக வரப் பேருந்திலேயே பொழுது போகிறது. முடியாதவள் வேலையை விடுகிறாள்.

"வீடுதான் கொடுத்தாயிற்றே" என்கிறோம். கொடுத்ததைச் சதுர அடியில் அளக்கிறோம். பறித்த நேரத்தை எதில் அளப்பது? வீட்டுவேலையை வேலையென்று எண்ணாத நம் வழக்கமே அந்த வரைபடத்திலும் இருக்கிறது. அதை முதலில் வரைந்தவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல.