பேரனுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃத்.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு அஸர் தொழுகை முடிந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஹாஜியார் என்றே வைத்துக்கொள்வோம். "ஹஜரத், வர்ற மாசம் பேரனுக்கு இருபத்தியொரு வயசு முடியுது. வாழ்நாள் முழுக்க நன்னா குடுத்ததுன்னு சொல்ற மாதிரி ஒரு பொருள் வாங்கிக் கொடுக்கணும். தங்க மோதிரம் ஆம்பளைக்குக் கூடாது, தெரியும். நல்ல வாட்ச் ஒண்ணு 15,000 ரூபாய்க்குப் பார்த்து வச்சிருக்கேன். பொறந்த நாளுக்குக் கொடுத்தா தப்பா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஹாஜியார், நமக்குப் பெருநாள் இரண்டுதான். கேக் வெட்டி, மெழுகுவர்த்தி ஊதி மற்றவர்களைப் பார்த்துக் கொண்டாடுவது நமக்கு வேண்டாம். ஆனால் பேரன் ஆளாகிவிட்டான் என்று அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தி அவனுக்கு ஒன்றைக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. அன்பளிப்பு செய்துகொள்ளுங்கள், அதனால் உங்களுக்குள் நேசம் வளரும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாளைப் பற்றிய கேள்வியை விடுங்கள். எதைக் கொடுப்பது என்பதைப் பேசுவோம்."

பேரப்பிள்ளைக்கு அன்பளிப்பு

பேரப்பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியிடமிருந்து நபி (ஸல்) அவர்களுக்கு நகைகள் அன்பளிப்பாக வந்தன. அவற்றில் ஒரு தங்க மோதிரம் இருந்தது. நபியவர்கள் அதில் விருப்பம் காட்டவில்லை. தம் மகள் ஜைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைக் கூப்பிட்டு, அருமை மகளே என்று செல்லமாக அழைத்து, அதை அணிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இதே உமாமாவைத்தான் நபியவர்கள் தொழுகையில் தோளில் சுமந்துகொண்டு நின்றார்கள். ஸுஜூது செய்யும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மறுபடியும் தூக்கிக்கொள்வார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கையில் இருந்த பொருளைப் பார்த்தார்கள், அது யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தார்கள், அவருக்குக் கொடுத்தார்கள். கொடுப்பவரின் ஆசையை வைத்துப் பரிசைத் தேர்ந்தெடுப்பதை விட, வாங்குபவரின் நிலையை வைத்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை.

ஆகவே ஹாஜியாரிடம், "பேரனுடைய நிலை என்ன?" என்று கேட்டேன். அவன் எத்தீம். ஆறு வயதில் அத்தாவை இழந்தவன். சவூதியில் வேலை பார்த்த மகன் அங்கேயே மவுத்தாகிவிட்டார். தாயும் மகனும் ஹாஜியாரின் வீட்டு மாடியில் இருக்கிறார்கள்.

முதலில் அவனுடையதைக் கொடுங்கள்

நான் அடுத்த கேள்வி கேட்டேன்: "உங்கள் மகன் இறந்தபோது கம்பெனியிலிருந்து பணம் வந்ததே, அதில் இந்தப் பையனின் பங்கு எங்கே?"

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டு மாடி கட்டறப்போ செலவாயிடுச்சு ஹஜரத். அவங்கதானே அதுல இருக்காங்க?" என்றார். மாடி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அவருடைய பெயரில்தான் இருந்தது.

சகோதரர்களே, அவர் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். பேரனைப் படிக்க வைத்தவர். ஆனாலும் கணக்கு கணக்குதான். எத்தீம்கள் திருமண வயதை அடைந்து, அவர்களிடம் நிர்வகிக்கும் தெளிவு தெரிந்தால், அவர்களுடைய பொருளை அவர்களிடமே ஒப்படைத்துவிட வேண்டும், ஒப்படைக்கும்போது சாட்சிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:6). எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை அதே அத்தியாயத்தின் பத்தாவது வசனத்தில் இருக்கிறது.

இந்தத் தெளிவுக்கு குர்ஆன் ருஷ்து என்று பெயர் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது என்றால் இதுதான் அர்த்தம். பருவமடைந்தும் ருஷ்து தெரியவில்லையானால் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பார்கள் ஃபுகஹாக்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, இருபத்தைந்து வயது ஆகிவிட்டால் அதற்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது, அந்த வயதில் ஒருவர் பாட்டனாகக்கூட ஆகிவிட முடியுமே என்று கூறினார்கள். நம்மில் சிலர் நாற்பது வயது மகனிடம் கூட வரவு செலவைக் காட்டுவதில்லை!

எனவே ஹாஜியாரிடம் சொன்னேன்: "அவனுக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் போட்டு முதலில் அதைக் கொடுங்கள். அது பரிசு இல்லை, அமானத். பரிசு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது."

மகன் இருக்கும்போது பேரனுக்குப் பங்கு இல்லை

அவர் எழுந்து போக இருந்தார். "இன்னொரு விஷயம் ஹாஜியார். உங்களுக்குப் பிறகு இவனுக்கு என்ன?" என்றேன். "அவன் அத்தாவோட பங்கு அவனுக்கு வந்துரும்ல?" என்றார்.

வராது. நம்மில் பலருக்கு இது தெரியாது. இறந்தவருக்கு மகன் ஒருவர் உயிரோடு இருந்தால், முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. ஹாஜியாருக்கு இன்னும் இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவியும் பெற்றோரும் இல்லை. சொத்து 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மகன்களுக்கு 24 லட்சம், 24 லட்சம். மகளுக்கு 12 லட்சம். பேரனுக்கு ஒன்றும் இல்லை.

நான் இமாமத் பணிக்கு வந்த புதிதில், வேறொரு ஊரில் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தேன். அரபிக் கல்லூரியில் ஃபராயிள் கிதாபை ஓதி, இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பழகியவன்தானே! பிழையில்லாமல் எழுதினேன். கதவருகே இரண்டு பிள்ளைகளோடு ஒரு விதவைப் பெண் நின்றிருந்தார். அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேராகப் பங்கு இல்லை என்று என் கையால்தான் எழுதினேன். சட்டம் சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. அவர்களின் பாட்டனார் எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தவர். ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் போதும்.

அல்லாஹ்வின் சட்டம் அநீதியானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நெருங்கிய வாரிசு இருக்கும்போது தூரத்து வாரிசு விலகுவது வாரிசுச் சட்டத்தின் அடிப்படை. அந்தப் பிள்ளைகளுக்காக அல்லாஹ் வேறு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறான். நாம்தான் அவற்றை மூடிவிட்டு, மார்க்கத்தைக் குறை சொல்கிறோம்.

ஒரு வாசல் ஹிபா. உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது. இன்னொரு வாசல் வஸிய்யத். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. இந்தப் பேரன் வாரிசு இல்லை. ஆகவே இவனுக்கு வஸிய்யத் செல்லும். எவ்வளவு? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது எவ்வளவு வஸிய்யத் செய்யலாம் என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவே அதிகம்தான் என்றும் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஹாஜியாரின் 60 லட்சத்தில் 20 லட்சம் வரை பேரனுக்கு எழுதலாம். மீதி 40 லட்சத்தில் மகன்களுக்கு 16, 16, மகளுக்கு 8.

பங்கு பிரிக்கும் இடத்தில் பங்கில்லாத உறவினரும் எத்தீம்களும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்கிறது குர்ஆன் (4:8). எகிப்தில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தானில் 1961இல் வேறு விதமாகச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. பாட்டன் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

கொடுத்தால் கையில் கொடுங்கள்

"உனக்குத்தான்டா இந்தக் கடை" என்று வாயால் சொன்னால் ஹிபா நிறைவேறாது. கைவசம் ஒப்படைக்க வேண்டும். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தம் தோட்டத்தில் இருபது வஸக் பேரீச்சம் பழம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மரண வேளையில் மகளை அழைத்து, நீ அதைப் பறித்துக் கைவசப்படுத்தியிருந்தால் உனக்கு ஆகியிருக்கும், இன்று அது வாரிசுகளின் பொருளாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். முவத்தாவில் இருக்கிற செய்தி இது. ஸித்தீக்கின் மகளுக்கே இதுதான் சட்டம். மரண நோயில் கொடுப்பதும் வஸிய்யத்தைப் போலவே மூன்றில் ஒன்றுக்குள்தான் செல்லும். ஆகவே நல்ல நிலையில் இருக்கும்போதே பத்திரம் பதிவு செய்யுங்கள், பட்டாவை மாற்றுங்கள், சாவியைக் கொடுங்கள்.

அதே நேரம் நீதியையும் பாருங்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பு கொடுத்துவிட்டு, நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். எத்தீமான பேரனுக்குக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மற்றப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள். ஒளித்துக் கொடுத்தால் பேரனுக்குச் சொத்தோடு பகையையும் சேர்த்துக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

ஹாஜியார் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். மகள், "குடுங்கத்தா, அண்ணன் புள்ளதானே" என்றார். ஒரு மகன் மட்டும் நான்கு நாள் பேசாமல் இருந்தார். அவர் உழைத்து வளர்த்த கடையையும் கொடுத்துவிடுவாரோ என்ற பயம். அதில் நியாயமும் இருந்தது. அவருடைய கடையைத் தொடவில்லை. வாடகைக்கு விட்டிருந்த சின்னக் கடையைப் பேரன் பெயரில் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார்கள். வாடகைதாரரை அழைத்து, இனி வாடகை இவனிடம் என்று சொன்னார்கள். கம்பெனிப் பணத்தில் பேரனுடைய பங்கைத் தவணையாகத் திருப்பித் தர எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதில் ஒரு சாட்சி.

அந்த வாட்ச்? அதை வாங்கவில்லை. முதல் தவணைக்கு அந்த 15,000 உதவியது.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நன்னாவும் நன்னியும் கையில் வைக்கும் நூறு ரூபாயையும் அற்பமாக நினைக்காதீர்கள். பெரியவர்களே, கொடுத்த பிறகு, "நான் கொடுத்ததுதானே" என்று சொல்லிக் காட்டாதீர்கள். சொல்லிக் காட்டுவது தர்மத்தையே பாழாக்கிவிடும் என்கிறது குர்ஆன் (2:264).

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அதைக் கேட்ட நாளிலிருந்து வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றார்கள். இன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் எத்தீமான பேரப்பிள்ளை இருப்பவர்கள் ஞாயிறு விடிவதற்குள் ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் தேடிக்கொள்ளுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் அஸருக்குப் பிறகு நான் பள்ளியில்தான் இருப்பேன்.

யா அல்லாஹ், எங்கள் பொருளில் பிறருக்குரிய பங்கு கலந்திருந்தால் எங்களுக்கு உணர்த்துவாயாக. அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை எங்களுக்கு ஆயுளைத் தருவாயாக. எங்கள் சந்ததிகளை ஒருவர் மீது ஒருவர் அன்பு கொண்டவர்களாக ஆக்குவாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.