மேற்றளப் பயணியும் வினைக்கொள்கையும்

உளுந்தூர்ப்பேட்டை கடற்றுறை யன்று. கிழக்கே கடலூர் சென்றாலன்றி அலையோசை செவிப்படாது. ஆயினும் இப்பக்கத்துக் குடிகட்குக் கடல் புதிதன்று. பழைய தென்னார்க்காட்டு உழவரும் கூலியாளரும் மழை பொய்த்த யாண்டுகளிற் கங்காணிமார் பின்சென்று, நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்தனர். தோட்டத் தொழிலாளரை உதவிப்பணத்தால் அழைத்துச் செல்லுதலை இந்திய அரசு 1938-இல் தடுத்த பின்னும், உறவும் வாணிகமும் பற்றிய போக்குவரவு நின்றதில்லை. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் நீராவிக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் துறைகளை இணைத்தோடிற்று. தொடக்கத்தில் அஃது 5,000-க்கு மேற்பட்ட மேற்றளப் பயணிகளை ஏற்றுதற்கு உரிமை பெற்றிருந்தது. அறைகளிற் செல்வோர் அவருள் ஒரு சிறு பங்கினரே.

அக்கப்பலிற் சிறு பருவத்தே தாய்தந்தையரோடு மீண்ட முதியார் ஒருவர், சித்தாந்த நூல் பாடங் கேட்கும் அன்பர் குழுவில் எம்மை ஒன்று வினவினார். வங்கக் கடலிற் காற்றும் மழையும் ஓயாதடித்த இரவொன்றில் மேற்றளத்திலிருந்தோர் நனைந்து நடுங்கினர், அறையிலிருந்தோர் கதவடைத்துறங்கினர். பின்னாளில் இதனைக் கேட்ட சைவர் ஒருவர், "அஃது அவரவர் வினை" என்று கூறி அமைந்தாராம். "அவர் கூறியது நூற்கருத்தோ, தம் கருத்தோ?" என்பதே வினா. இவ்வினாவைச் சிறிதென்று தள்ளுதற்கில்லை. வினைக்கொள்கை நம் சமயத்தின் அடிநிலைகளுள் ஒன்று. அதன் பெயரால் ஒருவர் நெஞ்சு கல்லாகுமேல், குற்றம் கொள்கையதோ கொண்டாரதோ என்று தெளிதல் நம் கடன்.

மேற்றளம் என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். 2022 முதல் சென்னைத் துறையினின்று புறப்பட்ட உல்லாசக் கப்பல்களைக் கண்டோர்க்கு மேற்றளம் என்பது காற்று வாங்கும் இடம். கடல் சீறினால் கப்பலாட்கள் வெளிக்கதவுகளை யடைத்துப் பயணிகளை உள்ளே இருத்துவர். பக்கங்களில் நீருக்குள் நீண்ட சிறகு போன்ற கருவிகள் கப்பலின் உருளலையும் தணிக்கும். பழைய கப்பலின் மேற்றளமோ வீடு. இருப்புத் தகட்டின்மேலும் சரக்கறை மூடிகளின்மேலும் பாய் விரித்து, தலைமேற் கித்தான் கட்டி, ஒரு கிழமைப் பயணத்தை ஆங்கே கழித்தல் வேண்டும். உண்டலும் உறங்கலும் குமட்டலெடுத்துக் கிடத்தலும் அவ்வோரிடத்திலேயே. காற்று வலுப்பின் கித்தான் கிழியும். சாய்ந்த பக்கத்தினின்று அலைநீர் ஏறிப் பாயையும் மூட்டையையும் ஒருங்கே நனைக்கும். உள்ளே போவேம் எனின் அவர்க்கு உள் என்பதொன்றில்லை. சட்டத்தில் அவர்க்கிட்ட பெயரே 'படுக்கையிடமில்லாப் பயணிகள்' என்பது.

இனி, நூற்கருத்தை ஆராய்வாம். ஒரு புயல் ஆயிரவரைத் தாக்குங்கால் ஆயிரவர் வினையும் ஒன்றாய்த் திரண்டு வந்ததோ என்று ஐயுறுவார் உளர். 1964 திசம்பரில் தனுக்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பனினின்று சென்ற புகைவண்டியொன்று பயணிகளோடு அழிந்தது. அந்நாளிலும் இவ்வையம் பலர்க்கு எழுந்திருத்தல் கூடும். நுகர்வினையாவது நிகழ்ச்சியன்று, நுகர்ச்சியே. மேற்றளத்தில் ஓரலை எழுகின்றது. தாய் அலறுகின்றாள், மடியிலிருக்குங் குழந்தை நீர்த்திவலை கண்டு நகைக்கின்றது, முதியோன் ஒருவன் உணர்விழந்து கிடக்கின்றான், கப்பலாள் கயிற்றைப் பற்றித் தன் வேலையைச் செய்கின்றான். அலை ஒன்று, இன்பதுன்பம் உயிர்தோறும் வேறு. ஆகலின் வினை திரண்டு பொதுவாயிற்று என்று கொள்ள வேண்டுவதில்லை. அவ்வவ்வுயிர்க்குரிய நுகர்ச்சி ஒரு பொது வாயில் வழியே வந்தது எனக் கொள்ளுதலே அமையும்.

இம்மட்டில் அச்சைவர் கூற்று உண்மையே யென்று தோன்றும். நனைந்தவன் நுகர்ந்தது அவன் வினைப்பயனே. நம்மவருள் இதனை மறுப்பாரில்லை. ஆயின் அதனை ஊட்டினார் யார்? வினை சடமாகலின் தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்ற வல்லதன்று. உயிரோ தன் வினையின் தொகையும் வகையும் அறியாது, அறியினும் துன்பத்தைத் தானே எடுத்துக்கொள்ளாது. ஆகலின் முற்றுமறிந்த முதல்வனே வினையை உயிரொடு கூட்டுவான் என்பது உளுந்தூர்ப்பேட்டைக்கு அணித்தாய திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் மரபு. இறைவன் உண்மைக்கே இதனை ஒரு சான்றாகக் காட்டுகின்றோம். அங்ஙனமாயின், அறையினுள் இருந்தவன் தளத்தில் நனைவோனைச் சுட்டி, "இவன் வினை இத்துணை, இவ்விரவு முழுதும் இவன் நனைதற்குரியன்" என்று அளந்துரைப்பது எவ்வறிவு கொண்டு? உயிர்க்கு இல்லை என்று நாமே நிறுவிய அறிவைத் தனக்கு உண்டென்று கொண்டன்றோ? "வினை" என்னுஞ் சொல் தன் துன்பத்தைத் தான் பொறுக்குங்கால் ஒருவன் வாயில் வருமேல் அது சித்தாந்தம். அயலான் துன்பத்தை நோக்கி வருமேல் அது முதல்வன் இருக்கையில் ஏறி அமர்தல் என்றே கூறுவேம். இதனைச் சிறிது கடுமையாகவே கூறுகின்றாம். மென்மையாகக் கூறிய காலத்து இது கேட்கப்பட்டிலது.

"துன்பமும் முதல்வன் அருளே, மறக்கருணையாற் செய்யப்படும் மருத்துவம், அதனிடையே நாம் புகுதல் தகுமோ?" என்பாரும் உளர். மருத்துவன் அறுப்பது அருளாலே. அதுபற்றி, நோயாளிக்குத் தண்ணீர் கொடாமை அருகிருப்போன் அருளாகாது. உதவி செய்தால் நுகரவேண்டிய வினை நுகரப்படாது எஞ்சும் என்பது இன்னும் நகைப்பிற்கிடமாவது. ஒருநாழிகை நனைதலே அவன் அளவென்றும், அதன்பின் ஒருவன் கைவழியே உலர்ந்த துணி பெறுதலும் அவ்வினையின் பகுதியே என்றும் ஏன் கொள்ளலாகாது? அவ்விரவிற் கப்பலாள் ஒருவன் கீழ்நடைவழியின் கதவைத் திறந்து குழந்தைகளை அங்கே கிடத்தினான் என்று அம்முதியார் கூறினார். அக்குழந்தைகட்கு நல்வினை விளைந்த வாயில் அவன். இன்ப நுகர்ச்சிக்கும் வாயில் வேண்டுமன்றே? அவ்வாயிலாக நிற்றற்கு நம்மவர் ஏன் கூசல் வேண்டும்?

புயல் இயற்கையது. மேற்றளம் இயற்கையதன்று. கித்தான் எத்துணைத் தடிப்பினது, தலைக்கு எத்துணை இடம், உயிர்காக்கும் படகு எத்துணை என்பன மக்கள் எழுதி வகுத்தவை. கடலில் உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு 1929-இல் இலண்டனில் நாடுகள் பல கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. படுக்கையிடமில்லாப் பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றுங் கப்பல்கட்கு, முழுவிதியும் நடத்துதல் இயலாதாயின் விலக்களித்தற்கு அவ்வுடன்படிக்கையே வழிவைத்தது. அவ்வழியில் அமைந்தவை 1931-ஆம் ஆண்டுச் சிம்லா விதிகள். அவற்றிற்கு மாற்றாக வேறோர் உடன்படிக்கை தோன்றியது 1971-இலேதான். கட்டணம் மலிவாதல் வேண்டும், ஏழையும் கடல் கடத்தல் வேண்டும் என்னும் நியாயமும் இதன்கண் உண்டு என்பதை மறுக்கின்றிலேம். ஆயினும் அலையின் முன் ஒருவனுக்கு முழுக் காப்பும் மற்றொருவனுக்குக் குறைக் காப்பும் என்று வகுத்தது எழுதுகோலே. "அவ்வெழுதுகோலும் அவன் வினைக்குக் கருவியே" எனின், ஆம் என்க. கருவியாய் நின்றமை பற்றிக் கருவியானவனுக்கு ஆகாமியம் ஏறாதொழியாது. அடித்தவன் கை அடியுண்டான் வினையை ஊட்டிற்று; அடித்தவனுக்கு அதுவே ஏறுவினையாயிற்று. இவ்விரண்டனுள் முன்னையதை மட்டும் எடுத்தோதிப் பின்னையதை விடுவோர் கொள்கையிற் பாதியையே ஓதுகின்றனர். அதுவும் தமக்கு வசதியான பாதியை.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உள்ளது. திருநாவுக்கரசர் பல்லவன் ஏவலாற் கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்தனர். கடலூரிற் கரையேறவிட்ட குப்பம் என்னும் பெயர் இன்றும் அதனைக் கூறிநிற்கின்றது. அவரினும் கொடிய கடலநுபவம் உற்றார் யார்? அடிகள் தம் துன்பத்தை இறைவன் பாற்படுத்துப் பொறுத்தனர். ஆயினும் சேக்கிழார் பெருமான், "இஃது அரசர் பெருமான் நுகர்தற்குரிய வினை, மன்னன் மேற் பிழையில்லை" என்று யாண்டும் ஓதிற்றிலர். பல்லவன் பின்னர் மனந்திரும்பிச் சைவஞ் சார்ந்தமை புராணத்தாலறியப்படும். பிழையில்லையேல் திரும்புதற்கு யாதுளது? கரையில் நின்ற புலியூர்த் தொண்டரும், வினை முடிந்ததோ இல்லையோ என்று ஆராய்ந்து நின்றிலர், ஆர்த்தெழுந்து எதிர்கொண்டனர்.

மேற்றளத்தில் அன்றெழுந்த "சிவசிவ" ஓசை அச்சத்தாலாயது, அன்பாலாயதன்று என்று இகழ்வாரும் உளர். இருளிற் குழவி தாயை அழைப்பதும் அச்சத்தாலே. தாய் அதுபற்றி வாராதிருப்பதில்லை. இதனை இங்கு விரிக்க வேண்டுவதின்று.

கடலிற் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனார் தம் பிற்காலத்திற் சிவஞானபோதத்திற்கு உரைகண்டு 1935-இல் வெளியிட்டமை இவ்விடத்து எம் நினைவிற்கு வருகின்றது. அயலார் தமிழர் கடல்வழியைத் தம் கைக்கொண்டமையை ஊழென்று விட்டிருந்தவர் அல்லர் அவர். வினையியல்பு கூறும் நூலை விரும்பிக் கற்றவரும் அவரே. இரண்டும் ஒருவர்பால் இருந்தமை நம்மவருட் சிலர்க்கு வியப்பாகலாம், எமக்கு வியப்பில்லை.

எஞ்சியது ஒன்று. அறையில் உறங்கினவன் கப்பலைக் கட்டினவனல்லன், விதி வகுத்தவனல்லன், கட்டணங் கொடுத்துத் தன் இடத்திற் படுத்தவன். அவனுக்கு யாதேனும் ஏறுமோ? புயலின் பொருட்டு ஏறாது. மேற்றளத்தின் பொருட்டும், அவன் அவ்வமைப்பை ஆக்கினானல்லனாகலின், பெரிதும் ஏறாது. தளத்தினின்று எழுந்த அழுகுரலை அவன் கேட்டிலனாயின் அவ்வளவில் அமைக. கேட்டுவைத்தும், நடைவழியில் இடமிருப்பதறிந்தும், தாழைத் திறவாது கிடந்தானாயின், அத்தாழின் அளவிற்கு ஏறும்.