வெள்ளித் துகளும் மனித விரலும்

தறிக்கூடத்தில் ஒருவர் விரலை இழந்தால், கிடங்கில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நம்மிடையே இரண்டு விளக்கங்கள் உடனே எழுகின்றன. ஒன்று, ‘அவன் நேரம் அப்படி’ என்பது. மற்றது, ‘அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்பது. முன்னது பழியை வானத்தின்மேல் ஏற்றுகிறது. பின்னது அடிபட்டவன் தலையிலேயே ஏற்றுகிறது. தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயைப் பற்றி இரண்டும் பேசுவதில்லை. சிந்திய எண்ணெயும், வழியை அடைத்த மூட்டையும், காலடியில் இழுத்துவிடப்பட்ட மின்கம்பியும் அறநெறி பேசுவதற்குரிய பொருள்களா என்று சிலர் நகைக்கக்கூடும். உரியவையே என்பது நம் கருத்து.

சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதை லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. மாண்டவர்கள் ஏனையோரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் அங்கே மறுத்துவிடுகிறார். அப்படியானால் பொறுப்பு யாருடையது? இதற்கு மோசேயின் சட்டத்தில் மிகத் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. புதுவீடு கட்டுவோர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; எழுப்பாமல் விட்டு எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்று இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் கூறுகிறது. குழியை மூடாமல் விட்டு அதில் மாடோ கழுதையோ விழுந்தால் குழிக்குரியவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். விழுந்தவன் எங்கே பார்த்துக்கொண்டு நடந்தான் என்ற விசாரணை இவ்விடங்களில் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிறருக்கு நேரக்கூடிய தீங்கை முன்னரே எண்ணிப் பார்ப்பதைச் சட்டம் வீட்டுக்காரரின் கடமையாக வைக்கிறது. புனித தாமஸ் அக்குவினாசும் அசட்டையை வெறும் மறதியாகக் கருதாமல், முன்மதி என்னும் நற்பண்புக்கு எதிரான பாவங்களோடு சேர்த்தே ஆராய்கிறார்.

நமக்குப் பெருக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கடைகளுக்குக் கொலுசு செய்து தரும் சிறு பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே தரையில் விழும் குப்பை வெறும் குப்பையன்று. அதில் வெள்ளித் துகள் கலந்திருக்கிறது. ஆகவே மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, அள்ளி, சேர்த்து வைத்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். நற்செய்தியில் காணாமற்போன வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் அக்கறை அது. ஆனால் அதே அறையில் எரிவாயு உருளைக்கு அருகே துணிக்கழிவு குவிந்திருக்கலாம். அமிலச் சாடி மூடியில்லாமல் நடைவழியில் நிற்கலாம். அவற்றைக் காணக் கண் வருவதில்லை. ஒரு துகள் வெள்ளிக்காகத் தரையைத் துழாவும் கண், அத்தரையில் நடக்கும் மனிதனின் காலுக்கு வரக்கூடிய ஆபத்தைத் துழாவ மறுக்கிறது என்றால், அதைக் கண்ணின் குறை என்று கொள்வதற்கில்லை. எதை விலையுயர்ந்தது என்று நாம் எண்ணி வைத்திருக்கிறோமோ, அதற்காகவே துடைப்பத்தை எடுக்கிறோம்.

தூசியே கொல்லும் என்றால் நம்பத் தயக்கமாக இருக்கும். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரிலிருந்த இம்பீரியல் சுகர் ஆலை வெடித்தது. பதினான்கு பேர் இறந்தனர். வெடிமருந்து எதுவும் அங்கில்லை. நாம் தேநீரில் இடும் சர்க்கரைதான். சேமிப்புக் கலன்களின் கீழே, மூடப்பட்ட கடத்துப்பட்டையினுள் மிதந்த சர்க்கரைத் தூசி முதலில் தீப்பற்றி வெடித்தது. அந்த அதிர்ச்சியில், தளங்களிலும் உயரமான பரப்புகளிலும் படிந்து கிடந்த தூசி காற்றில் எழுந்து அடுத்தடுத்து வெடித்தது. அன்றாடத் துப்புரவு முறையாக நடந்திருந்தால் பின்வந்த வெடிப்புகளும் உயிரிழப்பும் பெரும்பாலும் நேர்ந்திரா என்று அந்நாட்டின் விசாரணை வாரியம் முடிவு கூறியது. சர்க்கரைத் தூசிக்குள்ள இவ்வியல்பு மாவுத் தூசிக்கும் உண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக்கிழங்கு மாவோடும் ஜவ்வரிசியோடும் வாழ்வோர் இதை அறிந்திருப்பது நல்லது. தறிக்கூடங்களின் பஞ்சுத்தூசியும் நெருப்பை விரைந்து பற்றிக்கொள்வதே.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். குப்பையும் அழுக்கும் தினந்தோறும் அகற்றப்பட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 11-ஆம் பிரிவில் விதித்தது. ஆயினும் அது பொதுவாக, மின்விசையுடன் 10 பேரும், மின்விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலை என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்களை 20, 40 என இரட்டிப்பாக்கியது. கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற, சேலத்தையடுத்த ஊர்களில் வீட்டோடு ஒட்டிய கூடத்தில் நான்கு தறி போட்டிருப்பவர் எந்தக் கணக்கிலும் தொழிற்சாலைக்காரர் ஆகமாட்டார். அரசின் ஆய்வாளர் நுழையாத அவ்விடத்தில் மனச்சான்று ஒன்றுதான் நுழைய முடியும்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. விசைத்தறி ஓட்டுபவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. கொலுசுத் தொழிலாளிக்கு எடைக் கணக்கில் கூலி. தறியை நிறுத்தித் துடைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய பையிலிருந்து போகிறது. ஓடும் தறியில் கைவிட்டுப் பஞ்சைத் தட்டுகிற பழக்கம் சோம்பலால் வந்ததன்று. இந்தக் கணக்கால் வந்தது. முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டிருப்பவரோ, தோலுரிந்த மின்கம்பியைச் சுட்டிக்காட்டவும் அஞ்சுவார். ‘சுத்தம் பேண வேண்டும்’ என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, சுத்தம் செய்யும் நேரத்துக்குக் கூலி தராத முதலாளி, தன் கடமையைத் தொழிலாளியின் செலவில் நிறைவேற்றிக்கொள்ளப் பார்க்கிறார். உடல்நலத்துக்குக் கேடு விளைக்காத பணிச்சூழல் தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் எழுதினார். உரிமை என்றால் அதற்குரிய நேரமும் அதில் அடங்கும் என்றே நாம் பொருள்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துடைப்பம் எடுப்பது தாழ்ந்த வேலை, அதற்கென்று ஒரு சாதியார் அல்லது ஒரு கிழவி இருக்கிறாள் என்ற எண்ணம் நம் பங்குகளிலும் செத்துவிடவில்லை. லீமா நகரத்துப் புனித மார்ட்டின் தெ போரஸ் படத்தை வீட்டில் மாட்டியிருப்போர் பலர். கறுப்பினத் தாய்க்கு 1579-இல் பிறந்து, நிறத்தின் பொருட்டு இழிவுபடுத்தப்பட்ட அவரை 1962-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. படத்தில் அவர் கையிலிருக்கும் துடைப்பத்தை நாம் பணிவின் அடையாளம் என்று மட்டும் விளக்கிவிடுகிறோம். அவர் துறவு இல்லத்தின் நோயாளிகளைப் பேணியவர் என்பதை அதோடு சேர்த்து நினைத்தால், அத்துடைப்பம் மருந்துப் பெட்டியோடு ஒன்றாக வைக்கத்தக்க கருவி என்பது விளங்கும்.

ஆயுத பூசை வந்தால் எல்லாத் தறிக்கூடங்களும் பளபளக்கின்றன. தறியைக் கழற்றித் துடைத்து, தரையைக் கழுவி, ஒட்டடை அடித்து, வழியை ஒழித்து வைக்கிறார்கள். நம் கிறிஸ்தவத் தொழிலாளரும் உடன் நின்று துடைக்கிறார்கள். அன்று தறி ஓடாததால் முதலாளி நொடித்துப்போய்விடுவதில்லை. பன்னிரண்டு மணி நேர முறை வேலையில் கால் மணி நேரம் என்பது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்கான கூலியை முறை தொடங்குமுன் பேசி முடிக்க வேண்டியவர் முதலாளி. அவர் பேசாதபோது கேட்க வேண்டியவர்கள் தொழிலாளர் எல்லாரும் சேர்ந்து.