காண்பதும் கவர்வதும்

கார் நிக்கோபாருக்குக் கப்பலில் செல்வோர் சில வேளை டால்பின்கள் துள்ளுவதைக் காண்பதுண்டு. 'ஒரு படகு இருந்தால் துரத்திச் சென்று அருகிலேயே காணலாமே!' என்று மனம் பரபரக்கும். இந்த ஆசை குற்றமற்றதா?

டால்பின் மீனன்று, நுரையீரலால் சுவாசிக்கும் உயிர். மூச்சுக்காக அது மேலே வந்தே தீரவேண்டும். அதனால் உறக்கத்திலும் அதன் மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது. துரத்தும் படகு அதன் ஓய்வைக் கெடுக்கிறது. தாயையும் குட்டியையும் பிரித்துவிடவும் கூடும்.

டால்பின்களை அடைத்துக் காட்டும் காட்சிக்கூடங்களுக்கு 2013-இல் இந்திய அரசு அனுமதி மறுத்தது. தொட்டியில் அடைப்பதைச் சட்டம் தடுக்கலாம். கண்ணின் பேராசையை நாமே அடக்கவேண்டும். விலகி நின்று காத்திருப்போம். அது தானே வந்தால் மகிழ்வோம். வராவிடில் வணங்கித் திரும்புவோம்.