சூலை தீர்ந்த பின் அப்பர் உண்ட சோறு



இன்றைக்கு அப்பர் பெருமானின் வயிற்று வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கொரு காரணம் உண்டு. கடுமையான குடல் தொற்று கண்டு, மருத்துவமனையில் கிடந்து, பிழைத்து வந்த ஒரு தாயார் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். கிருமி போய்விட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயம் மட்டும் போகவில்லை. கோயில் குழாயடியில் அவரைப் பார்த்திருக்கிறேன். முழங்கையால் குழாயைத் திறப்பார், சோப்புப் போட்டுக் கழுவுவார், முழங்கையாலேயே மூடுவார். இரண்டடி நகர்ந்ததும் சந்தேகம் வந்துவிடும். திரும்ப வந்து திறப்பார். விரல் கணுக்களில் தோல் வெடித்திருந்தது. அன்னதானப் பந்தியில் உட்காருவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கவும் தயங்குகிறார். "பேரைச் சொல்லாமப் பேசுங்க சாமி, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

இவருக்கு பக்தி போதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒருமுறை சாவின் வாசல் வரை கொண்டுபோன நோயை உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. காவலுக்கு நின்ற பயம், ஆபத்து போன பிறகும் இறங்கிப் போகாமல் நிற்கிறது.

இனி அப்பரிடம் வருவோம். திருவாமூரில் பிறந்த மருணீக்கியார்தான் பின்னாளில் அப்பர். அவர் சமணம் சார்ந்து, தருமசேனராகப் பாடலிபுத்திரத்தில் இருந்தபோது சூலை நோய் பற்றியது. பெரிய புராணத்தில் சேக்கிழார் அந்த வேதனையை விரித்துச் சொல்கிறார். யாராலும் தீர்க்க முடியவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து, தமக்கை திலகவதியார் காலில் விழுந்தார். அம்மையார் திருநீறு தந்தார். தம்பி பாடினார். சூலை தீர்ந்தது. இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தீர்ந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. உழவாரப் படையைக் கையில் எடுத்தார். கோயில் கோயிலாகப் போய்ப் புல்லைச் செதுக்கினார், முள்ளை அகற்றினார். அதே திருவதிகையில் அக்காள் விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகியவர். சுத்தம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வேலை. ஆனால் அவர்கள் சுத்தம் செய்தது அடுத்தவர் வந்து நிற்கும் இடத்தை. நோய் கண்ட பின் நம் சுத்தமோ நம் பத்து விரலுக்குள் சுருங்கிப் போகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். பகைவர்கள் அவருக்குப் பாற்சோற்றில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். வயிற்றில் சூலை கண்டவர், சோற்றில் நஞ்சு கண்டவர், பிறகு திங்களூர் போகிறார். அங்கே அப்பூதியடிகள் அப்பர் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்து வழிப்போக்கர் தாகம் தீர்க்கிறார். அமுதுக்கு அழைக்கிறார். இலை அரியப் போன பிள்ளை பாம்பு தீண்டி இறக்கிறான். அப்பர் பாடி அவனை எழுப்புகிறார். அதன் பின்னும் "இந்த வீட்டுச் சாப்பாடு வேண்டாம்" என்று அவர் எழுந்து போகவில்லை. இலையை வெட்டப் போன இடத்திலேயே விஷம் வந்த வீட்டில், அந்தக் குடும்பத்தோடு அமர்ந்து உண்டார். என் மனத்தில் இதுவும் ஓர் அற்புதம்தான்.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். திருநீறு பூசுங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள். கழிவறைக்குப் போய் வந்ததும், உண்ணுமுன்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். சில குடல் கிருமிகளின் வித்துகளை சானிடைசர் கொல்வதில்லை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் அவற்றைக் கையிலிருந்து அகற்றும். ஒருமுறை நன்றாகக் கழுவிய பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். குடல் தொற்று கண்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பின்னும் வயிறு பல மாதம் முரண்டு பிடிக்கும். வயிறு கடமுடா என்றதெல்லாம் நோய் திரும்பியதற்கு அடையாளமில்லை. காய்ச்சல், இரத்தம், நிற்காத பேதி என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பயத்துக்கும் வைத்தியம் உண்டு. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில் ஒரு முறையை எழுதி வைத்தார். அஞ்சுகிற பொருளைத் தொட வைத்து, உடனே கழுவாமல் பொறுத்திருக்கச் செய்வது. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானே இறங்கும். இதைத் தெரிந்தவர் துணையோடு படிப்படியாகச் செய்ய வேண்டும். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொறுத்திருக்கும் அந்த நேரத்தில் ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். ஆனால் நூற்றெட்டு முடித்தால்தான் கை சுத்தமாகும் என்று அதையும் இன்னொரு கழுவுதலாக ஆக்கிவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்டல் செய்யாதீர்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் "சுத்தமாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று உறுதி சொல்வதும் வேண்டாம். அந்த உறுதி அடுத்த சந்தேகம் வரைதான் தாங்கும். "கஷ்டமா இருக்கா? வாங்க, சேர்ந்து உட்காருவோம்" என்று சொல்லுங்கள்.

பந்தியில் உட்காரத் தயங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆயர் ஈத்தாம், விரைவு நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு, வடக்கும் தெற்கும் போகிற பேருந்துகள் நின்று பசியாறிய ஊர். முன்பின் தெரியாதவருக்குச் சோறு போட்ட ஊர். உணவைக் கையாள்பவர் தைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று இன்று நம் மலேசிய நாட்டில் விதியே இருக்கிறது. நம் மடைப்பள்ளியிலும் அப்படித்தான்.

சொற்பொழிவு முடிந்ததும் அன்னதானம். பயம் உள்ளவர்கள் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பிடி சூடான சோறும் ரசமும் வாங்கிப் பந்தியில் உட்காருங்கள். வரும் ஞாயிறு காலை கோயில் வளாகத்தில் உழவாரப் பணி இருக்கிறது. மண்வெட்டி இங்கேயே தருவோம். அந்தத் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.