யானைக்கு வழிவிடுதல்

ஹரித்வாரில் கங்கை நீராடி, மாலை ஆரத்தியைத் தரிசித்த யாத்ரிகர்களுள் சிலர் மறுநாள் விடியலில் அக்கரையிலுள்ள சில்லா வனத்திற்குச் செல்வதுண்டு. ராஜாஜி, மோதிச்சூர், சில்லா என்னும் மூன்று சரணாலயங்கள் 1983-ல் ஒன்றிணைந்து மூதறிஞர் ராஜாஜியின் பெயரால் தேசியப் பூங்காவாயின. 2015-ல் அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆயினும் பக்தர்களின் கண்கள் தேடுவது யானையைத்தான். விநாயகரை வணங்கி எச்செயலையும் தொடங்குபவர்களுக்கு அது இயல்பே.

கட்டணம் செலுத்தியவருக்குக் கிடைப்பது காட்டினுள் நுழையும் அனுமதி. யானையின் காட்சி அக்கட்டணத்தில் அடங்காது. சாதகர்களுள் பலர் இதனை உணர்வதில்லை. 'இத்தனை ஆண்டுகள் ஜபம் செய்தாயிற்று, இன்னும் ஒன்றும் காணவில்லையே' என்று இறைவனிடம் கணக்குக் கேட்கின்றனர்.

சால் மரங்களுக்கிடையே ஜீப் நிற்கிறது. பேச வேண்டாமென வழிகாட்டி கையமர்த்துகிறார். முதிய பிடி ஒன்று முன்னே வர, ஏனைய பிடிகளும் கன்றுகளும் பின்தொடர்கின்றன. வண்டியை நெருக்கிச் செலுத்தினால் அவள் காதுகளை விரித்து எதிர்த்து நிற்பாள். கன்றுகள் தாயரின் கால்களுக்கிடையே மறைந்துவிடும். விலகி நின்றவர்களோ, கூட்டம் முழுவதும் பாதையைக் கடந்து செல்வதைக் காண்கின்றனர்.

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வரும் கஜேந்திரனும் தாகம் தணிக்கத் தன் கூட்டத்துடன் பொய்கைக்கு வந்தவனே. முதலை காலைப் பற்றியதும் தன் பலத்தால் நெடுங்காலம் போராடினான். உற்ற யானைகளும் இழுத்துப் பார்த்தன. அதுவரை பகவான் வரவில்லை. அவர் தொலைவில் இருந்ததாலன்று. 'என் பலம்' என்பது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது விலகிய கணத்தில் தாமரையேந்திய துதிக்கை உயர்ந்தது. கருடன் மீது அவர் விரைந்து வந்தார்.

புராணத்தில் யானையைத் தடுத்தது ஒரு முதலை. இங்கோ தடைகள் பல. கங்கைக்கும் காட்டுக்கும் நடுவே மின்நிலையக் கால்வாய் ஓடுகிறது. மேற்குக் கரையில் ஹரித்வார்–டேராடூன் இரயில் பாதை 1900-ல் திறக்கப்பட்டது. அதில் அடிபட்டு மாண்ட யானைகள் பல. நெடுஞ்சாலையும் பெருகிவரும் குடியிருப்புகளும் எஞ்சியதை நெருக்குகின்றன. அக்கட்டடங்களுள் ஆசிரமங்களும் யாத்ரிகர் விடுதிகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பாவம் போக்கக் கங்கையை நாடி வருபவர், தாகம் தணிக்க அதே கங்கையை நாடும் உயிரின் பாதையில் அறை எடுத்துத் தங்குகிறார்! கஜேந்திரனின் கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பவர், இதில் தாம் எப்பக்கம் நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வழிவிட்டவர்களும் இருக்கின்றனர். சில்லாவையும் மோதிச்சூரையும் இணைக்கும் யானை வழித்தடத்திற்காகக் காண்ட் காவ் என்னும் சிற்றூரின் குடும்பங்கள் பல தம் வீடுகளை விட்டு வேறிடம் பெயர்ந்தன. அவர்கள் உழுத நிலம் காட்டோடு சேர்ந்தது.