வீட்டோடு மாப்பிள்ளை

தோழி ஒருத்தி போன வருடம் எனக்கு ஓர் எக்செல் கோப்பை அனுப்பினாள். மேலே மூன்று நாடுகள்: மலேசியா, இந்தியா, சிங்கப்பூர். இடப்பக்கம் கேள்விகள். யார் வேலை செய்யலாம்? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்க வேண்டும்? பிள்ளை பிறந்தால் எந்த நாட்டுக் குடிமகன்? அவள் கிள்ளானில் பிறந்தவள். அவன் தஞ்சாவூர்ப் பக்கம். இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள், அங்கேதான் பழக்கம். கல்யாணம் முடிவாகிவிட்டது. எந்த நாட்டில் குடும்பம் நடத்துவது என்பதுதான் முடிவாகவில்லை.

"பாத்துச் சொல்லு லா, ஏதாச்சும் விட்டுட்டேனா?"

பார்த்தேன். ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதை எழுதி அனுப்பினேன்: 'பிரிந்தால், நாட்டை விட்டுப் போக வேண்டியவர் யார்?'

இரண்டு நாள் அவளிடமிருந்து பதிலே இல்லை.

கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் பிரிவைப் பற்றிக் கேட்பது அபசகுனம்தான். எங்கள் வீட்டில் நான் இப்படிக் கேட்டிருந்தால் அம்மா வாயைக் கழுவச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த இரண்டு நாளும் யோசித்துப் பார்த்தபோது, கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்காரரைக் கட்டுகிறவர்களிடம் எல்லா அரசாங்கங்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கல்யாணம் நிஜமா, விசாவுக்காகவா? இதில் பிரிட்டன் ஒரு காலத்தில் உச்சத்துக்கே போனது. 1980களில் அங்கே ஒரு குடிநுழைவு விதி இருந்தது. கல்யாணத்தின் முதன்மையான நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அல்ல என்று விண்ணப்பிக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்கலாம். ஒரு நோக்கம் தன் மனதில் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகளே இதில் அடிபட்டார்கள். 1997இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1979இல், கல்யாணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைப் பரிசோதனையே நடத்தியிருக்கிறார்கள். அவள் சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்காம்.

இந்த 'நிஜமா' என்ற கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு நோக்கம் இருந்திருக்கிறது? என் பாட்டி தாத்தாவைக் கட்டியதற்கான காரணங்களைப் பாட்டியே வரிசையாகச் சொல்வார். தாத்தாவுக்குக் கள்ளுக்கடைப் பழக்கம் கிடையாது. இருவரும் மரம் வெட்டினால் இரண்டு சம்பளம். லயத்தில் தனி வீடு கிடைக்கும், அண்ணன் குடும்பத்தோடு நெருக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. "ஆளும் பரவால்ல" என்பது கடைசியாக வரும், கொஞ்சம் சிரிப்போடு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பாட்டியை நேர்காணல் செய்திருந்தால் 'முதன்மையான நோக்கம்: வீடு' என்று எழுதித் தள்ளியிருப்பார். ஐம்பத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார் காண்ட். அந்த 'மட்டும்' முக்கியம். ஒருவரால் நமக்குப் பலன் கிடைப்பதில் குற்றமில்லை. பலனைத் தவிர அவரிடம் வேறொன்றும் நமக்குத் தெரியாமல் போவதுதான் குற்றம். ஆகவே நோக்கம் சுத்தமா என்கிற விசாரணையை நான் ஒதுக்கி வைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. நோக்கம் எத்தனை சுத்தமாக இருந்தாலும், விசா வந்தபிறகு இருவரில் ஒருவர் விருந்தாளியாகவும் மற்றவர் ஜாமீன்தாரராகவும் ஆகிவிடுகிறார்கள்.

தோழியின் மலேசியா வரிசையை எடுத்துக்கொள்வோம். அவன் இங்கே வந்தால் குடிமகளின் கணவன் என்ற வகையில் நீண்டகால சமூக வருகை அனுமதி கிடைக்கும். வேலை செய்ய வேண்டுமானால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இமிக்ரேசன் கவுண்டரில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடம் இப்படிப் போனபின் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை? மலேசிய ஆணைக் கட்டிய வெளிநாட்டுப் பெண், அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின்படி பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். மலேசியப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டு ஆணுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

தமிழில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்கிறவன் என்று ஊர் சிரிக்கும். சட்டம் சிரிப்பதில்லை, ஆனால் அதுவும் அதையேதான் நினைக்கிறது. குடும்பம் என்றால் பெண் தான் பிறந்த இடத்தை விட்டுப் புருஷன் இடத்துக்குப் போவது. அப்படிப் போகிறவளுக்கு ஒரு பிரிவு எழுதி வைத்தார்கள். எதிர்த்திசையில் யாராவது வருவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

தோழியின் அம்மாவும் அரசியலமைப்பைப் படிக்காமலேயே இதைத்தான் சொன்னார். "பொம்பளப் புள்ளதானே மாப்பிள்ள ஊருக்குப் போவணும்? இதுக்கு எதுக்குமா கம்ப்யூட்டர்ல கணக்கு?"

சட்டம் எழுதி வைத்த அந்த வழியும் ஒன்றும் பட்டுக்கம்பளம் அல்ல. குடியுரிமை வாங்கும் மனைவி தன் பழைய குடியுரிமையை விட வேண்டும், இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது. கல்யாணம் ஆன இரண்டு வருடத்துக்குள் விவாகரத்து ஆனால் அவளுடைய குடியுரிமையைப் பறிக்கலாம் என்று இருந்தது. அக்டோபர் 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த இரண்டு வருடத்தைக் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. பழையதும் போய்ப் புதியதும் போனால் அவள் எந்த நாட்டுக்காரி? அதே திருத்தம்தான் வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு, தந்தையரைப் போலவே, குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமையையும் தந்தது. எத்தனையோ தாய்மார்கள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியதன் பலன் அது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதை நிறையப் பேர் கவனிக்கவில்லை. நானும்தான்.

ஆண் பெண் சமம் என்று ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனில் ஒரு கூத்து நடந்தது. அங்கே குடியேறிய ஆண்கள் மனைவியைக் கூட்டி வருவது சுலபம், பெண்கள் கணவனைக் கூட்டி வருவது கடினம். மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1985இல் அது பாலினப் பாகுபாடுதான் என்று தீர்ப்பு வந்தது. அரசாங்கம் பணிந்தது. எப்படி? கணவர்களுக்கு இருந்த கெடுபிடியை மனைவிகளுக்கும் நீட்டியது. சமத்துவம் கிடைத்தது, கதவு மூடியபடியே இருந்தது.

இந்தியா வரிசைக்கு வருவோம். அங்கே அவள்தான் விருந்தாளி. முதலில் மனைவி என்ற பெயரில் விசா. பதிவு செய்த கல்யாணம் இரண்டு வருடம் நிலைத்தபின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பிறகு வேலை பார்க்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. விவாகரத்து ஆனால் அந்த அட்டையை ரத்து செய்யலாம். ஆனால் அவளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. அவள் இந்திய வம்சாவளி. முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்குப் பத்திரம் காட்டினால் அந்த ஓசிஐ அவளுக்கே சொந்தம், கணவன் இருந்தாலும் போனாலும். கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியதற்குக் காகிதம் எங்கே போய்த் தேடுவது? கித்தாத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தவர்கள் பேத்தியின் வசதிக்காகக் கணக்கு எழுதவில்லை. இருந்தும் தேடினாள். "புருஷன நம்பி வாங்குறத விட கொள்ளுத்தாத்தாவ நம்பி வாங்கிறலாம்" என்றாள். பகடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது அந்தக் கோப்பிலேயே விவேகமான யோசனையாகப் பட்டது.

ஏனென்றால் ஜாமீன்தாரராக இருப்பவருக்கு ஒன்று நடக்கிறது, நல்லவராக இருந்தாலும். சாதாரணமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் இருவரும் சம பலத்தோடு கத்தலாம். ஒருவர் கையெழுத்தில் மற்றவர் நாட்டில் இருக்கும்போது அப்படி முடியாது. 'இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும்' என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே அறைக்குள் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி கொஞ்சம் தணிந்துபோவார். அவர் தணிவது அன்பினாலா பயத்தினாலா என்று மற்றவருக்குக் கடைசிவரை தெரியாது. அடிக்கிறவன் கையில் அந்தக் கையெழுத்து என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அடிக்காதவன் கையிலும் அது எடையில்லாத பொருள் அல்ல.

எனவே 'எந்த நாட்டில் வசதி அதிகம்' என்பதைவிட, 'எந்த நாட்டில் நம்மில் பலவீனமானவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடியும்' என்று கேட்பது மேல் என்று நினைக்கிறேன். போக முடிந்தும் இருக்கிறார் என்றால்தான் அவர் இருப்பதற்கு அர்த்தம். இதை நம்பிக்கையின்மை என்று சொல்வார்கள். நகைகளைப் பெண் பெயரில் போட்ட நம் பாட்டிமார்கள் யாரை நம்பவில்லை என்று திருப்பிக் கேட்க ஆசை. சரி, அது வேறு கட்டுரை.

மிச்சம் இருப்பது சிங்கப்பூர். அங்கே இருவருக்கும் தனித்தனி வேலை அனுமதி. யாரும் யாருக்கும் ஜாமீன் இல்லை, இருவருமே விருந்தாளிகள். ஆனால் ஜாமீன் முதலாளியிடம் இருக்கிறது. வேலை போனால் அனுமதியும் போகும், கிளம்புவதற்கு முப்பது நாள். இதுவும் ஓரளவு சம்பளத்தில் இருப்பவர்களுக்கு அமைகிற வசதி. அவன் கட்டுமானத் தளத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருந்து, அவள் சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்திருந்தால், கட்டிக்கொள்வதற்கே மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். ஊருக்குப் போய்த் தாலி கட்டினாலும் வேண்டும். பெர்மிட் முடிந்து திரும்பிப்போனபிறகு கட்டினாலும் வேண்டும். அவர்களுக்கு எக்செல் கோப்பில் நிரப்ப மூன்று வரிசை இருக்காது. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை புல்தரையில் உட்கார்ந்து வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும் அண்ணன்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். அவர்களுடைய நோக்கத்தை விசாரிப்பதில்லை. நோக்கம் என்று ஒன்று அவர்களுக்கு வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மூன்றாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. நான் சேர்க்கச் சொன்ன வரி கடைசியில் இருந்தது. அதை நிரப்பியது அவன் என்று தோழி எழுதியிருந்தாள். இரண்டு நாளும் இருவரும் பேசியிருக்கிறார்கள், ஒரு ராத்திரி நன்றாகச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். மலேசியாவுக்குக் கீழே 'நான்' என்று போட்டிருந்தான். இந்தியாவுக்குக் கீழே 'அவள்'. சிங்கப்பூருக்குக் கீழே 'யாருக்கு வேலை போகிறதோ அவர்'.

இப்போதைக்குச் சிங்கப்பூர் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் காகிதத்தை இன்னும் தேடுகிறார்கள், இப்போது அவனும் சேர்ந்து. அம்மாவிடம் அந்தக் கடைசி வரியைக் காட்டவில்லை.